காவல்மாடத்துக் கண்கள்: பிக்கோ தீவின் திமிங்கில வரலாறு

ஒரு தொழில் மறையும்போது அதன் கருவிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுகின்றன. அத்தொழிலுக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பழகிய கண்ணும் காதும் எங்கே போகின்றன? வட அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் பிக்கோ என்னும் எரிமலைத் தீவின் வரலாற்றைப் படிக்கும்போது நமக்குள் எழுந்த கேள்வி இது. இன்று அத்தீவைச் சுற்றிலும் பல நாட்டு மக்கள் படகேறித் திமிங்கிலங்களைக் காண்கிறார்கள். முதுகில் காற்றுக்கலன் சுமந்து கடலில் மூழ்கித் திருக்கைகளோடும் சுறாக்களோடும் நீந்துகிறார்கள். அதே கடலில் 1987ஆம் ஆண்டு வரை திமிங்கிலங்கள் கையால் எறியும் ஈட்டி கொண்டு கொல்லப்பட்டன. அன்று வேட்டைப் படகுகளுக்கு வழிகாட்டிய குன்றின்மேற் குடில்கள்தாம் இன்று சுற்றுலாப் படகுகளுக்கும் வழிகாட்டுகின்றன. இந்த மாற்றத்தைப் பாவம் நீங்கிய கதையாகச் சொல்லிவிடுவது எளிது. நடந்தது அவ்வளவு எளிதன்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

*

போர்ச்சுகல் நாட்டுக்குரிய அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் ஒன்பது தீவுகள் உள்ளன. லிஸ்பன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் அவை கிடக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் குடியேறும்வரை அங்கே மனிதர் வாழ்ந்ததில்லை. ஒன்பதில் வயதால் இளையது பிக்கோ, உயரத்தால் மூத்தது. அதன் நடுவே எழும் எரிமலையின் உயரம் 2,351 மீட்டர். போர்ச்சுகல் நாட்டிலேயே அதைவிட உயர்ந்த மலை இல்லை. 1562, 1718, 1720 ஆகிய ஆண்டுகளில் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிக் கரும்பாறையாகித் தீவின் சில பகுதிகளை மூடியது. உழுவதற்கு மண் குறைவு. பாறைத் துண்டுகளைப் பொறுக்கிச் சிறுசிறு மதில்களாக அடுக்கி, அவற்றின் நடுவே திராட்சைக் கொடி வளர்த்தார்கள். அந்த மதில்களின் நிலக்காட்சியை 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இன்று அத்தீவில் வாழ்வோர் ஏறத்தாழ 14 ஆயிரம் பேர்.

தீவின் இந்த வன்மையே திமிங்கிலத்தைக் கரைக்கருகில் கொண்டுவந்தது என்பது கவனிக்கத்தக்கது. கண்டங்களின் கரையோரத்தில் கடலடி மெல்லச் சரிந்து இறங்கும். ஆழ்கடலை அடையப் பல மைல்கள் போகவேண்டும். எரிமலைத் தீவோ கடலடியிலிருந்து நேராக எழுந்த மலையின் உச்சி. அதனால் பிக்கோவின் தென்கரையிலிருந்து சில கிலோமீட்டர் போவதற்குள் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஸ்பெர்ம் திமிங்கிலம் அத்தகைய ஆழத்தில்தான் இரைதேடும். முக்கால் மணிநேரம் மூழ்கியிருந்து மேலே வந்து, பத்து நிமிடம் மூச்சுவிட்டு மீண்டும் இறங்கும். வேறு நாடுகளில் கப்பலேறித் தேடிப்போகவேண்டிய இந்த விலங்கைப் பிக்கோவில் வீட்டுத் திண்ணையிலிருந்தே காணமுடிந்தது.

*

இருப்பினும், தீவினர் தாமாகவே அதை வேட்டையாடத் தொடங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்து திமிங்கிலக் கப்பல்கள் அசோர்ஸ் கடலுக்கு வந்தன. பிக்கோவுக்கு எதிரே, ஏழெட்டுக் கிலோமீட்டர் அகலமுள்ள கால்வாய்க்கு அப்பால் உள்ளது ஃபையால் தீவு. அதன் ஹோர்த்தா துறைமுகம் அக்கப்பல்கள் நீரும் காய்கறியும் ஆளும் ஏற்றிக்கொள்ளும் இடமாயிற்று. 1806இல் அங்கே அமெரிக்கத் தூதரகப் பொறுப்பை ஏற்ற டாப்னி குடும்பம் 1892 வரை அதை வைத்திருந்தது. ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ புதினத்தில், திமிங்கிலக் கப்பல்கள் அசோர்ஸ் கரையில் நின்று அத்தீவுகளின் உழவர்களை மாலுமிகளாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அது கற்பனையன்று.

கப்பலேறியவர்கள் விரும்பி ஏறினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. கட்டாய இராணுவச் சேவைக்கு அஞ்சிய இளைஞர் இரவோடிரவாகக் கரைக்கு இறங்கி, கடலில் காத்திருந்த கப்பலுக்குத் தப்பிச் சென்றனர். 1850களில் திராட்சைக் கொடிகளைப் பூஞ்சை நோய் தாக்கியபோது பிக்கோவின் முதன்மை வருவாயும் அழிந்தது. பலர் நியூ பெட்ஃபோர்டு நகரில் குடியேறிவிட்டனர். சிலர் திரும்பி வந்தனர். வந்தவர்கள் கொஞ்சம் பணத்தையும், படகு கட்டும் முறையையும், ஈட்டி எறியும் கலையையும், உருத்திரிந்த சில ஆங்கிலச் சொற்களையும் கொண்டுவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தீவினரே கரையிலிருந்து படகிறக்கி வேட்டையாடத் தொடங்கினர். அமெரிக்காவில் கல்லெண்ணெய் வந்து திமிங்கிலக் கப்பல்கள் ஓய்ந்த பிறகும் அந்தப் பழைய முறை பிக்கோவில் நீடித்தது. 1949இல் பிரித்தானிய ஆய்வாளர் ராபர்ட் கிளார்க் அங்கே சென்றார். மற்ற நாடுகள் வெடியீட்டிப் பீரங்கியும் ஆலைக்கப்பலும் கொண்டு தென்துருவக் கடலைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. பிக்கோவினரோ பாயும் துடுப்பும் கையீட்டியும் கொண்டே வேட்டையாடுவதை அவர் கண்டு விரிவாகப் பதிவு செய்தார்.

*

வேட்டை கரையிலிருந்து தொடங்கியது. குன்றின் உச்சியில் கடலை நோக்கிய சிறு குடில். அதன் சுவரில் கிடைமட்டமாக ஒரு குறுகிய திறப்பு. போர்ச்சுகீசிய மொழியில் ‘விஜியா’ என்பது அக்குடிலுக்கும் பெயர். உள்ளே அமர்ந்திருப்பவனுக்கும் பெயர். விடியல் முதல் அந்திவரை தொலைநோக்கியால் கடலைத் துழாவுவது அவன் தொழில். தொலைவில் எழும் நீராவித் தூவலை வைத்தே இது எந்த இனம், எத்தனை உருப்படி, எத்திசையில் போகிறது என்று அவன் சொல்லவேண்டும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் நுனியில் இடப்புறமாக உள்ளது. ஆகவே அதன் மூச்சு நேரே எழாமல் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து, புதர்போலப் பரவும். ஏனைய திமிங்கிலங்களின் மூச்சோ நெட்டுக்குத்தாக எழும். பல மைலுக்கு அப்பால், வெண்ணுரை புரளும் நீர்ப்பரப்பில் இந்தச் சாய்வைப் பிரித்தறிவதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

விஜியா வாணம் விடுவான். அந்த ஓசை கேட்டதும் வயலில் நிற்பவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவான். செருப்புத் தைப்பவன் கடையைத் திறந்தபடி விட்டு ஓடுவான். அவர்களில் எவரும் முழுநேர வேட்டையாளர் அல்லர். ஒரு படகுக்கு ஏழு பேர்: பின்புறம் சுக்கான் துடுப்போடு தலைவன், முன்முனையில் ஈட்டியாளன், இடையே துடுப்பு வலிப்போர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விசைப்படகு அவர்களை இழுத்துச் சென்று தொலைவிலேயே விட்டுவிடும். அதன் ஓசையைத் திமிங்கிலம் கேட்டுவிடும் என்பதே காரணம். பிறகு பாய், அதன்பின் ஓசையெழாமல் கைத்துடுப்பு. ஈட்டி திமிங்கிலத்தைக் கொல்வதில்லை. கயிற்றால் படகை அதனோடு பிணைக்கிறது. கொல்வது அதன்பின் மீண்டும் மீண்டும் குத்தும் நீண்ட வேல். மூச்சில் குருதி கலந்து வரும்வரை மணிக்கணக்கில் அது நீளும். சில வேளைகளில் படகு நொறுங்கியது. கயிற்றில் சிக்கியவன் கடலுக்குள் இழுக்கப்பட்டான். கரையில் பெண்கள் நின்றார்கள்.

இக்காட்சியைப் பாடாண் திணையாக்கும் ஆசை எவர்க்கும் வரக்கூடும். அதற்கு மறுப்பாகப் படிக்கவேண்டியவர் தியாஸ் தெ மெலோ (1925–2008). பிக்கோவின் கல்யேத்தா தெ நெஸ்கிம் என்னும் வேட்டை ஊரில் பிறந்தவர். 1964இல் வெளிவந்த அவருடைய ‘கருங்கற்கள்’ என்னும் புதினமும் பிற எழுத்துகளும் வேட்டையாளரின் வறுமையையும் புலம்பெயர்தலையும் உள்ளிருந்து பேசுபவை. வெளியிலிருந்து வந்தவர்களும் எழுதினர். ரவுல் பிராந்தாவோ 1924இல் தீவுகளைச் சுற்றிப் பார்த்து 1926இல் பயணநூல் வெளியிட்டார். இத்தாலிய எழுத்தாளர் அந்தோனியோ தபுக்கி 1983இல், வேட்டையின் அந்திப்பொழுதில், தம் அசோர்ஸ் நூலை எழுதினார். வெளியார் கண்ணுக்கு வீரமும் துயரமும் முதலில் தெரிந்தன. உள்ளூர்க்காரருக்கு முதலில் தெரிந்தது கூலி.

*

திமிங்கிலம் என்னும் சொல் ‘திமியை விழுங்குவது’ என்னும் பொருளுள்ள வடசொல்லின் வழி வந்தது. ஸ்பெர்ம் திமிங்கிலம் உண்மையில் எதை விழுங்குகிறது? இதற்கான விடையின் ஒரு பகுதியும் அசோர்ஸ் கடலில்தான் கிடைத்தது. 1895ஆம் ஆண்டு தெர்சேய்ரா தீவருகே உள்ளூர் வேட்டையாளர் ஒரு திமிங்கிலத்தைக் கொன்றபோது, கடலாய்வில் ஈடுபட்டிருந்த மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தம் கப்பலுடன் அங்கே இருந்தார். சாகும் தறுவாயில் அது கக்கியவற்றை அவருடைய ஆட்கள் நீரிலிருந்து அள்ளினார்கள். அவற்றுள் உடலெங்கும் செதில் போன்ற அமைப்புடைய, அதுவரை அறிவியல் அறியாத ஒரு கணவாய் இருந்தது. இளவரசரின் கிரிமால்டி குடும்பப் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். மனிதனின் வலை எட்டாத ஆழத்தைத் திமிங்கிலத்தின் வயிறு எட்டியிருந்தது.

இதே வழியில் பின்னர் நெடுந்தொலைவு சென்றவர் பிரித்தானியக் கணவாய் ஆய்வாளர் மால்கம் கிளார்க் (1930–2013). கணவாயின் உடல் செரித்துவிடும். கிளியலகு போன்ற அதன் வாயலகு செரிக்காது. வேட்டையின் கடைசி ஆண்டுகளில் அசோர்ஸ் கரையில் இழுத்துப் போடப்பட்ட 17 திமிங்கிலங்களின் வயிற்றிலிருந்த எச்சங்களை அவரும் உடன் ஆய்வாளர்களும் எண்ணி, 28 ஆயிரத்துக்கு மேற்பட்ட கணவாய் இனத்து உயிர்களை அடையாளம் கண்டனர். பிறகு அவர் பிக்கோவிலேயே குடியேறித் திமிங்கிலத்துக்கும் கணவாய்க்குமாக ஒரு சிறு காட்சியகம் அமைத்தார். திமிங்கிலத்தின் வாழ்வைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பங்கு அதன் சாவின் வழியாகவே வந்தது. இது சங்கடமான உண்மை, இருந்தும் மறைப்பதற்கில்லை.

*

1957 செப்டம்பர் 27 அன்று ஃபையால் தீவின் மேற்குமுனைக் காவல்மாடத்தில் இருந்தவர்கள், கரைக்குச் சற்று அப்பால் கடல் கொதித்துக் குமுறுவதைக் கண்டனர். அது திமிங்கிலம் அன்று. கடலுக்கடியில் எரிமலை வெடிக்கத் தொடங்கியிருந்தது. கப்பலீன்யோஸ் என்று இன்று அறியப்படும் அவ்வெடிப்பு 1958 அக்டோபர் வரை நீடித்தது. சாம்பல் வீடுகளையும் வயல்களையும் மூடியது. கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம் புதைந்தது. அமெரிக்க மேலவையில் ஜான் பாஸ்டோரும் ஜான் எஃப். கென்னடியும் கொண்டுவந்த அசோர்ஸ் அகதிகள் சட்டம் 1958இல் நிறைவேறியது. அது திறந்த வாயில் வழியே பின்வந்த ஆண்டுகளில் தீவுகளின் இளைஞர் பெருந்திரளாக வெளியேறினர். துடுப்பு வலிக்கத் தோள் இல்லாமற் போயிற்று.

சந்தையும் சுருங்கிற்று. பிக்கோவின் வடகரையில், சாவ் ரோக் ஊரிலுள்ள ஆலையின் முகப்பில் உயிர்ச்சத்து, எண்ணெய், மாவு, உரம் என்று பொருள்படும் நான்கு சொற்கள் இன்றும் காணப்படுகின்றன. அந்நான்கையும் வேறு வழிகளில் மலிவாகச் செய்ய உலகம் கற்றுக்கொண்டது. 1982 தொடக்கத்தில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் திமிங்கிலப் பொருள்களின் இறக்குமதியைத் தடுத்தது. அதே ஆண்டு பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்திவைக்க முடிவெடுத்தது. போர்ச்சுகல் அப்போது அவ்வாணையத்தின் உறுப்பினரன்று, 2002இல்தான் சேர்ந்தது. எனினும் 1986இல் ஐரோப்பியச் சமூகத்தில் இணைந்த நாட்டுக்கு வேறு வழியில்லை. சாவ் ரோக் ஆலை 1984இல் மூடப்பட்டது. 1987இல் லாஜெஸ் ஊரின் வேட்டையாளர்கள் கடைசித் திமிங்கிலத்தைக் கொன்றனர். மறு ஆண்டே அவ்வூரில் வேட்டையாளர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஈட்டியின் ஈரம் உலருமுன்பே அது காட்சிப்பொருள் ஆகிவிட்டது.

தீவினர் மனம் மாறியதால் வேட்டை நிற்கவில்லை என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. சட்டமும் சந்தையும் புலம்பெயர்வும் சேர்ந்து அதை நிறுத்தின. நிறுத்தப்பட்டபோது தீவினர் பலர் அதை அவமானமாகவே உணர்ந்தனர். தம்மைக் கொலைகாரர் என்று அழைத்தவர்கள், கடல்களையெல்லாம் ஆலைக்கப்பல்களால் வெறுமையாக்கிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு திமிங்கிலத்தின் மணிக்கணக்கான சாவு அதனால் சிறிதாகிவிடவும் இல்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்வதே வரலாறு எழுதுவோரின் கடமை எனக் கருதுகிறோம்.

*

அந்த 1980களின் இறுதியிலேயே, பன்னாட்டு விலங்குநல நிதியத்தின் ‘திமிங்கிலப் பாடல்’ என்னும் ஆய்வுப் படகு அசோர்ஸ் கடலில் இயங்கியது. நீரொலி வாங்கியைக் கடலில் இறக்கித் திமிங்கிலத்தின் சொடுக்கொலிகளைக் கேட்டும், வாலின் ஓரத்திலுள்ள வெட்டுத் தழும்புகளைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டும் உயிருள்ள திமிங்கிலத்தை ஆராயும் முறை அது. அதே காலத்தில் லாஜெஸில் தங்கிவிட்ட ஒரு பிரெஞ்சுக் கடலோடி, பணம் வாங்கிக்கொண்டு மக்களைத் திமிங்கிலம் காட்ட அழைத்துச் செல்லும் தொழிலைத் தொடங்கினார். அவருக்குப் படகு கிடைத்தது. திமிங்கிலம் எங்கே என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்கள் குன்றின்மேல் வேலையின்றி இருந்தார்கள்.

விஜியாக்கள் மீண்டும் குடிலேறினர். வாணத்தின் இடத்தில் வானொலி வந்தது. மற்றபடி வேலை அதுவேதான்: சாய்ந்த மூச்சைக் காண்பது, எத்தனை நிமிடம் மூழ்கியிருக்கும் என்று கணிப்பது, எங்கே எழும் என்று படகுக்குச் சொல்வது. வேட்டைக் காலத்துக்குப் பயன்படாத உயிர்களும் இப்போது அவர்கள் கண்ணுக்கு மதிப்புப் பெற்றன. வசந்தத்தில் வடக்கு நோக்கிக் கடந்துபோகும் நீலத்திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் வேகமும் பருமனும் மிக்கவை, கையீட்டிக்கு எட்டாதவை. கூட்டமாய்த் துள்ளும் ஓங்கில்களும் அப்படியே. இருபதுக்கும் மேற்பட்ட திமிங்கில, ஓங்கில் இனங்கள் அக்கடலில் பதிவாகியுள்ளன. 1999இல் அசோர்ஸ் சட்டமன்றம் இத்தொழிலுக்கு விதிகள் வகுத்தது. 50 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது, குட்டியிருந்தால் 100 மீட்டர், பின்பக்கமிருந்தே அணுகவேண்டும். திமிங்கிலம் ஓசைக்கு மிரளும் என்பதும், எப்பக்கத்திலிருந்து அணுகவேண்டும் என்பதும் பழைய ஈட்டியாளன் நன்கறிந்த பாடங்கள். கொல்வதற்காகக் கற்றது சட்டமொழியில் காப்பதற்கான விதியாகத் திரும்பி வந்தது.

*

முக்குளிப்போர் தேடிச்செல்வது திமிங்கிலத்தையன்று. உரிமம் பெற்ற சிலர் தவிரத் திமிங்கிலத்தோடு நீந்த எவர்க்கும் இசைவில்லை. அவர்கள் செல்வது தீவுகளைப் போலவே எரிமலையால் பிறந்து, நீருக்குமேல் தலைநீட்டாமல் நின்றுவிட்ட கடலடி மலைகளுக்கு. இளவரசர் ஆல்பர்ட் 1896இல் கண்டறிந்து தம் கப்பலின் பெயரைச் சூட்டிய பிரின்செஸ் அலிஸ் பார் அவற்றுள் ஒன்று. அதன் உச்சி நீர்மட்டத்துக்குக் கீழே முப்பது, நாற்பது மீட்டரில் உள்ளது. கோடையில் கொம்புத் திருக்கைகள் அங்கே திரள்கின்றன. வெதுநீரின் மேற்பரப்பில் வாழ்பவை என்று கருதப்பட்ட அத்திருக்கைகளுக்குச் செயற்கைக்கோள் குறிப்பான்கள் பொருத்தி ஆராய்ந்தபோது, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழம்வரை அவை மூழ்குவது தெரியவந்தது. அவ்வாய்வு 2014இல் வெளியாயிற்று. 1895இல் ஆழத்தின் செய்தியைப் பெற ஒரு விலங்கு சாகவேண்டியிருந்தது. இப்போது அது திரும்பி மேலே வந்தால் போதும்.

ஃபையாலுக்குத் தென்மேற்கிலுள்ள கொந்தோர் மலைமேல் நீலச்சுறாக்களைக் காண முக்குளிக்கிறார்கள். ஆய்வுக்கென 2010 முதல் அம்மலையில் கடலடி மீன்பிடிப்பு தடுக்கப்பட்டது. ஆயினும் அட்லாண்டிக் முழுதும் நீலச்சுறா நெடுந்தூண்டிற் கயிறுகளில் பெருமளவில் பிடிபடுகிறது. ஓரிடத்தில் காட்சி, மற்றோரிடத்தில் சரக்கு. பார்வையாளர் படகுகளும் குறையற்றவை அல்ல. ஒரே திமிங்கிலத்தைச் சூழ்ந்து பல படகுகள் நின்றால் அதன் ஓய்வு கெடுகிறது. 2024 அக்டோபரில் அசோர்ஸ் சட்டமன்றம் தன்னைச் சூழ்ந்த கடலில் 30 விழுக்காட்டைக் காப்புப்பகுதியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தை எழுத முடியும். பெருங்கடலின் நடுவே அதைக் காவல் செய்வது நெடுங்கால வேலை.

பழைய வேட்டைப் படகுகள் அழியவில்லை. கோடைகளில் பாய்விரித்தும் துடுப்பு வலித்தும் அவற்றில் ஊருக்கு ஊர் போட்டியிடுகிறார்கள். பெண்களும் துடுப்புப் பிடிக்கிறார்கள். படகுகளைப் புதுப்பிக்க மரமும் தச்சரும் கிடைப்பர். காவல்மாடத்துக் கண்ணைப் புதுப்பிப்பதுதான் கடினம். வேட்டைக் காலத்தில் பயின்ற விஜியாக்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்களருகே அமர்ந்து பழகிய இளையோர் இப்போது அந்தத் திறப்பின் வழியே கடலைப் பார்க்கிறார்கள். அவர்கள் பெற்றுக்கொண்ட கலைக்குள் பழைய குருதியும் இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டுக் கலையை மட்டும் கைமாற்றிக்கொள்ள முடியாது. பிக்கோவினர் அருங்காட்சியகத்தையும் காவல்மாடத்தையும் ஒரே ஊரில், நடந்துபோகும் தொலைவில் வைத்திருக்கிறார்கள். அது நேர்மையான ஏற்பாடு என்றே நமக்குத் தோன்றுகிறது.